கண் பேணல்

மக்கட்கு அமைந்த பொறிகள் ஐந்தனுள் கண் தலைமை வாய்ந்தது. அன்பு மிக்க மகவைக் ‘கண்ணே’ என்று அழைப்பதும், ஒன்றை அருமையாகப் பேணுதலைக் ‘கண்ணை இமை காப்பது போல’ என்று கூறுவதும் தமிழ் மக்கள் வழக்கு. இவ்வழக்கினுள் ஓர் உண்மை அடங்கியுள்ளது. கண்ணுக்குக் காவலன் இமையே. அக்காவலன் தன் தொழிலை மறந்தால் கண்ணின் நிலை என்னாகும்? கணினியும் கைப்பேசியும் இல்லந்தோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில், மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இஃது.

கண்ணின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்பொழுதும் பரவியிருக்கிறது. அதன்மேல் அமைந்த எண்ணெய்ப் பசை, நீர் விரைவில் உலராவண்ணம் தடுக்கிறது. உழவன் பரம்படித்துச் சேற்று வயலைச் சமன் செய்வது போல, இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அப்படலத்தைச் சமமாகப் பரப்புகிறது. இயல்பாக ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 முறை இமைக்கிறார். ஒளித்திரையை உற்று நோக்கும்போதோ, இவ்வெண்ணிக்கை பாதியாகவும் அதனினும் குறைவாகவும் ஆகிவிடுகிறது. இமைத்தல் குறையவே படலம் உலர்கிறது. கண் எரிகிறது, சிவக்கிறது, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது.

இமைக்கு நேரும் குறை இது. கண்ணின் உள்ளே மற்றொரு துன்பம் நேர்கிறது. கண்மணிக்குப் பின்னே வில்லை ஒன்றும், அதனைச் சூழ்ந்து தசை ஒன்றும் உள்ளன. தொலைவில் உள்ள மரத்தையோ மலையையோ காணும்போது அத்தசை தளர்ந்து ஓய்வு கொள்கிறது. அருகில் உள்ள எழுத்தைக் காணும்போது, அது சுருங்கி வில்லையைத் தடிக்கச் செய்கிறது. நீர் நிறைந்த செம்பு பெரும்பளு அன்று. ஆயினும், நீட்டிய கையில் அதனை ஏந்தி அரை மணி நேரம் நின்றால் தோள் கடுக்கும் அன்றோ? இடைவிடாது திரையை நோக்குவோர் கண்தசை அடையும் துன்பமும் அத்தகையதே. தலைவலியும் பார்வை மங்கலும் அதனால் தோன்றும்.

இவற்றைத் தவிர்க்கும் வழி எளிது. 20 நிமிடத்திற்கு ஒரு முறை, 20 அடிக்கு அப்பால் உள்ள பொருளை, 20 நொடி நோக்குதல் வேண்டும் என்பர் கண் நலம் அறிந்தோர். அவ்வமயம் கண்ணைப் பன்முறை மூடித் திறத்தலும் நன்று. கணினித் திரை, கண்ணிலிருந்து கை நீளத் தொலைவில், பார்வை சற்றே தாழும்படி அமைதல் வேண்டும். இருட்டறையில் திரையை மட்டும் ஒளிரவிட்டுப் பார்த்தல் ஆகாது. கண் உறுத்தினால் கசக்காது தூய நீரால் முகம் கழுவுக. திரையின் நீல ஒளி கண்ணைக் குருடாக்கும் எனச் சிலர் அஞ்சுவர். பகலொளியோடு ஒப்பிட அவ்வொளி மிகச் சிறிது. அது கண்ணைக் கெடுப்பதாக மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், இரவில் நெடுநேரம் திரை நோக்குதல் உறக்கத்தைக் கெடுக்கும். ஆதலின், உறங்கச் செல்லுமுன்னரே அதனை விலக்கி வைத்தல் நலம்.

மேற்கூறிய துன்பங்கள் ஓய்வினால் நீங்குவன. ஓய்வினால் நீங்காத குறை ஒன்று உண்டு, அது கிட்டப்பார்வை. வளரும் பருவத்தில் கண்விழி அளவுக்கு மீறி நீளுதலால் அக்குறை உண்டாகிறது. நீண்ட விழி மீண்டும் குறுகாது. கிட்டப்பார்வை உற்ற சிறுவன் தன் குறையைத் தானே அறியான். உலகம் எல்லார்க்கும் அவ்வாறே மங்கலாகத் தோன்றும் என்று எண்ணுவான். கரும்பலகையில் உள்ளதை அயல் மாணவன் ஏட்டைப் பார்த்து எழுதிப் பிழைபடுவான். ‘கவனமில்லாதவன்’ என்பார் ஆசிரியர். ‘படிப்பு ஏறவில்லை’ என்பர் பெற்றோர். தன்பால் இல்லாத குற்றத்திற்கு அவன் வசை ஏற்பான். தக்க கண்ணாடி அணிந்த அன்றே, மரத்தின் இலைகள் தனித்தனியே தெரியக் கண்டு வியப்பான். ஆதலின், கண்ணை இடுக்கிப் பார்க்கும் சிறுவரைக் கடியாது, கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் பெரியோர் கடமை.

கிட்டப்பார்வை வாராமல் தடுக்க வழி உண்டா? 2008ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை காட்டிற்று. சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலும் வாழும் சீன மரபினரான 6, 7 வயதுச் சிறுவரை அறிஞர் ஒப்பிட்டனர். சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. சிட்னியிலோ நூற்றுக்கு 3 பேருக்கே இருந்தது. சிட்னிச் சிறுவர் நூல்களைக் குறைவாகப் படித்தவர் அல்லர், மிகுதியாகவே படித்தனர். ஆயின், அவர்கள் வாரத்திற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் வெளியில் திரிந்தனர். சிங்கப்பூர்ச் சிறுவரோ 3 மணி நேரமே வெளியில் இருந்தனர். பகலொளி, விழி அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது என்று அறிஞர் கருதுகின்றனர். தைவான் நாட்டினர் 2010ஆம் ஆண்டில், பள்ளிச் சிறுவர் நாள்தோறும் 120 நிமிடம் வெளியில் இருத்தல் வேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்தனர். ஆண்டுதோறும் ஏறி வந்த பார்வைக்குறை, அதன் பின்னர்ச் சிறிது சிறிதாக இறங்கலாயிற்று.

மருந்தும் பொருட்செலவும் வேண்டாத காவல் இஃது. கற்றற்குத் திரை வேண்டுமாயின் அளவோடு கொள்க. கற்று முடித்தபின் கைப்பேசியை வைத்துவிட்டுத் திறந்த வெளியை நாடுக. கதிரவனை நேரே நோக்குதல் கூடாது. அவன் ஒளி பரந்த இடத்தில் ஓடியாடினாலே போதும். ‘கண் கெட்ட பின் சூரிய வணக்கமா?’ என்று வினவுகிறது பழமொழி. கண் கெடுமுன்னரே கதிரவன் ஒளியில் ஆடி, பெறற்கரிய கண்ணைப் பேணுவார்களாக.