நாற்காலி இல்லாத களஞ்சியம்



சென்ற ஆண்டு பத்தாம் வகுப்பில் ஒரு சிறு பூசல் எழுந்தது. 'எங்கள் ஊர் வேங்கிக்கால்' என்னும் கட்டுரைக்குச் செய்தி திரட்டி வரும்படி கூறியிருந்தேன். ஒருத்தி தன் தாத்தாவின் நிலப் பத்திரத்தைப் பார்த்து, 'வேங்கிக்கால் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது' என்று எழுதி வந்தாள். அவள் தோழியோ அம்மாவின் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து, 'திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம்' என்று எழுதியிருந்தாள். ஒருத்தி எழுதியதை மற்றவள் அடிக்க, அவள் மீண்டும் எழுத, இரண்டு நாள் இருவருக்கும் பேச்சே இல்லை. போதாக்குறைக்கு நான் வேறு, 1906-ஆம் ஆண்டு வெளியான தென்னாற்காடு மாவட்டக் கெசட்டியரில் திருவண்ணாமலை இடம்பெற்றிருப்பதைச் சொல்லி, எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தேன்!

இரண்டு பேருக்கே இப்படியென்றால், ஒருவரையொருவர் முகம் அறியாத ஆயிரக்கணக்கானோர் கூடி ஒரே நூலை எழுதினால் என்ன ஆகும்? அவ்வாறு இணையத்தில் எழுதப்பட்டு வருவதே விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம். 2001-இல் ஆங்கிலத்திலும், 2003-இல் தமிழிலும் தொடங்கியது. தமிழில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. தமிழகத்தார், ஈழத்தார், அயல்நாடுகளில் வாழும் தமிழர் எனப் பலரும் ஊதியமின்றி எழுதுகின்றனர்.

முன்னாளில் இச்சிக்கல் இல்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டபோது, பெ. தூரன் அவர்கள் முதன்மை ஆசிரியராக அமர்ந்திருந்தார். விக்கிப்பீடியாவில் அந்த நாற்காலியே கிடையாது. நிருவாகிகள் உண்டு. பக்கத்தைப் பூட்டி வைக்கவும், வரம்பு மீறுவோரைத் தடுக்கவும் அவர்களால் முடியும். ஆனால் எவர் கருத்துச் சரி என்று தீர்ப்புச் சொல்லும் தனி உரிமை அவர்களுக்கு இல்லை.

பின் எவ்வாறு பூசல் தீர்கிறது? முதலாவது, அங்கே செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் 'வரலாறு' என்னும் பக்கத்தில் பதிவாகிறது. ஒருவர் நீக்கிய வரியை மற்றவர் நொடியில் மீட்டுவிடலாம். இது வசதிதான், ஆனால் இதுவே வம்புக்கும் வித்து. நீக்குவதும் மீட்பதுமாகவே பொழுது போய்விடுமல்லவா? ஆகவே ஆங்கில விக்கிப்பீடியாவில், ஒருவர் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பிறர் திருத்தத்தை மாற்றலாகாது என்று விதித்துள்ளனர். கையை நிறுத்திவிட்டு வாயைத் திறக்க வேண்டும். அதற்கென ஒவ்வொரு கட்டுரைக்கும் 'உரையாடல்' பக்கம் ஒன்று உண்டு. எல்லாருக்கும் பொதுவான பேச்சுக்குத் தமிழில் வைத்துள்ள பெயர் என்ன தெரியுமா? 'ஆலமரத்தடி'! நாட்டாண்மைக்காரர் இல்லாத பஞ்சாயத்து என்று கொள்ளுங்கள்.

அங்கே 'நீ யார்?' என்ற கேள்விக்கு மதிப்பில்லை. 'எந்த நூலில் உள்ளது?' என்ற கேள்விக்கே மதிப்பு. நம் மாணவியர் இருவரும் ஏமாந்திருப்பார்கள். பத்திரமும் சான்றிதழும் உண்மையானவையே. ஆனால் வீட்டுப் பெட்டியில் இருப்பதைப் பிறர் எடுத்துப் பார்த்துச் சரிபார்க்க இயலாது. வெளியிடப்பட்ட, நம்பத்தகுந்த நூல் போன்ற சான்று வேண்டும். நூல்கள் தம்முள் மாறுபட்டால், இன்ன நூல் இவ்வாறு கூறுகிறது என்று இரண்டையும் எழுத வேண்டும். இதனை 'நடுநிலை நோக்கு' என்பர்.

நூலைக் காட்டித் தீர்க்க முடியாத பூசல்களும் உண்டு. 'ஜனவரி' என்பதா, 'சனவரி' என்பதா? கனடா நாட்டு நகரை நாம் 'டொராண்டோ' என்கிறோம். ஈழத்தார் 'ரொறன்ரோ' என்கின்றனர். இரண்டும் தமிழே. இங்கே செய்வது, ஒன்றைத் தலைப்பாக வைத்து, மற்றப் பெயரைத் தேடி வருவோரையும் அதே பக்கத்தில் கொண்டு சேர்ப்பது. அதற்கு 'வழிமாற்று' என்று பெயர். தயிரை ஆங்கிலத்தில் எழுதும்போது 'எச்' எழுத்து வேண்டுமா, வேண்டாமா என்று ஆங்கிலத்தார் 2003 முதல் 2011 வரை வழக்காடினர். தயிர் என்றால் தயிர்தான் என்று நாம் சிரிக்கலாம். நம் வகுப்பில் நடந்ததை நினைத்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

இம்முறையில் குறையே இல்லை என்று நான் கூறமாட்டேன். ஓய்வும் பிடிவாதமும் மிகுந்தவர் சில வேளை வென்றுவிடுகிறார். பேச்சுக் கடுமையானால் மென்மையானவர் ஒதுங்கிவிடுகிறார். எழுதுவோரில் பெண்கள் மிகக் குறைவு என்பதை அதனை நடத்தும் அறக்கட்டளையே ஒப்புக்கொண்டுள்ளது. நம் போன்ற பள்ளிகள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது.

நிற்க. நூலகப் பொறுப்பிலுள்ள அருட்சகோதரி சில நூல்களை எடுத்துத் தந்தார். மாணவியர் இருவரையும் ஒரே மேசையில் அமர்த்தினேன். முக்கால் மணி நேரம் கழித்து அவர்கள் தந்த வரி இது: 'வேங்கிக்கால் முன்பு வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1989-இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டத்தில் சேர்ந்தது, 1997 முதல் அது திருவண்ணாமலை மாவட்டம் எனப்படுகிறது.' ஆட்சியரைக் காண முன்பெல்லாம் வேலூருக்குப் பேருந்து ஏற வேண்டியிருந்ததையும், இன்று அவர் அலுவலகம் வேங்கிக்காலிலேயே இருப்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டனர். எந்த நூலில் உள்ளது என்று கேட்டேன். மீண்டும் நூலகத்துக்கு ஓடினர், இம்முறை சேர்ந்தே.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள பழைய தாள்களில் நம் மாவட்டத்தின் பெயர் எவ்வாறு உள்ளது? ஆண்டுடன் குறித்து வருக. அதனை உறுதிப்படுத்தும் அச்சு நூல் ஒன்றையும் தேடிப் பெயர் எழுதுக.