ஓடும் படத்தில் ஒரு படம்

தாராவியில் இட்லி விற்கும் அத்தைக்கு ஒரு குறை. இறந்துபோன கணவரின் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை. தங்கை கல்யாண வீடியோவில் மட்டும் அவர் பந்தி பரிமாறுகிறார். அந்தக் கேசட்டை முன்பே பென்டிரைவில் மாற்றியிருந்தார்கள்.

அண்ணன் மகள் அதைக் கம்ப்யூட்டரில் போட்டாள். குரோம் பிரௌசரில் ஓடவிட்டாள்.

"வீடியோ என்பது படங்களின் வரிசை, அத்தை. இதில் ஒரு நொடிக்கு 25 படம். நமக்கு ஒன்று போதும்."

மாமா நிமிர்ந்தார். உடனே நிறுத்தினாள். முகம் கலங்கித் தெரிந்தது. ஆள் அசையும்போது பிடித்தால் அப்படித்தான். பின்னால் ஓட்டினாள். அவர் சிரித்து நின்ற இடத்தில் நிறுத்தினாள்.

படத்தின் மேல் அம்புக்குறியை வைத்தாள். மவுசின் வலது பொத்தானை அமுக்கினாள். ஒரு பட்டியல் வந்தது. வீடியோ பிரேமைச் சேமிக்கும் வரியைத் தேர்ந்தெடுத்தாள். படம் தனியாகச் சேர்ந்துவிட்டது. பயர்பாக்ஸ் பிரௌசரிலும் இப்படி எடுக்கலாம்.

"சுவரில் மாட்டப் பெரிதாகப் போடலாமா, கண்ணு?"

"கேசட் படம், அத்தை. பெரிதாக்கினால் மங்கிவிடும். உள்ளங்கை அளவு நன்றாக இருக்கும். முகத்தை மட்டும் வெட்டி எடுக்கட்டுமா?"

அத்தை திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம். கையில் சாம்பார் வாளி இருக்கிறதே, அதுவும் இருக்கட்டும்."