முகத்தின் நிறத்தில் ஒரு தாள்

அன்புத் தங்கைக்கு,

காஜாங் கடைகளில் ஓவியத் தாள் என்று கேட்டால் வெள்ளைத் தாளைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். வண்ண மணிலா அட்டை பள்ளி இடுபணிக்கு என்று ஒதுங்கிவிட்டது. இந்தப் பிரிவினையை நீ ஏற்க வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் ஆக வெளிச்சமான இடம் தாள்தான். அங்கிருந்து ஒரே திசையில், இருட்டை நோக்கி மட்டுமே இறங்க முடியும். நம் மக்களின் முகத்தை வரையும்போது இதில் என்ன இழக்கிறோம் என்பது தெரியும். மாநிறத்தை எட்டவே முகம் முழுக்கக் கரியைத் தேய்க்க வேண்டியிருக்கிறது. தோலின் நிறமும் அதன்மேல் விழும் நிழலும் ஒரே கரியில் கலந்து, முகமே நிழலாகிவிடுகிறது. பழுப்புத் தாளில் கன்னத்தைத் தொடாமலே விட்டுவிடலாம். கரி நிழலுக்கு மட்டும், வெள்ளைப் பென்சில் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் விழும் ஒளிக்கு மட்டும்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1400 வாக்கிலேயே இத்தாலியரான சென்னினோ சென்னினி, தாளுக்குப் பச்சை, நீலம், தோல்நிறம் பூசும் முறைகளைத் தம் கைநூலில் எழுதிவைத்தார். வெனிஸில் நீலக் கந்தல் துணியை அரைத்தே நீலத் தாள் செய்தார்கள். ஆல்பிரெக்ட் டியூரர் 1505 முதல் 1507 வரை அந்நகரில் தங்கியபோது அதில் வரைந்து பழகினார். நியூரம்பெர்க் திரும்பிய பிறகு வெள்ளைத் தாளுக்குத் தாமே நீலம் பூசி, 1508இல் ‘தொழும் கைகள்’ வரைந்தார். வியன்னாவின் ஆல்பெர்டினாவில் உள்ள அந்தக் கோட்டோவியத்தில் விரல்களின் இடைநிறம் தாளின் நீலம்தான். தூரிகை இருளையும் ஒளியையும் மட்டுமே சேர்த்தது. ரெம்பிராண்ட் 1650களின் பிற்பகுதியில் முகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்து வரைந்தபோது, வழக்கமான ஐரோப்பியத் தாளை விட்டு, இளமஞ்சள் சாயல் கொண்ட ஆசியத் தாளை எடுத்தார். ஷாஜஹானை வரையத் தாளையும் மாற்றத் தோன்றியதே, அந்தக் கவனம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வண்ணத் தாள் குறுக்குவழி, சுமாரான கோட்டையும் அழகாக்கிக் காட்டிவிடும் என்பார்கள். முதல் பார்வைக்கு அது உண்மைதான். ஆனால் வெள்ளைப் பென்சிலை இடம் தவறி வைத்தால் எலும்பே இடம் மாறிவிடும். கரியோடு வெள்ளை உரசினால் சாம்பல் சேறு மிஞ்சும். இரண்டுக்கும் நடுவே தாளுக்கு இடம் விடத் தெரியாதவரை இந்தத் தாள் உடனே காட்டிக்கொடுக்கும். திரையில் வரைந்தால் பின்னணியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாமே என்றும் கேட்பாய். அதனாலேயே அங்கே பலரும் முதலில் அதை யோசிப்பதில்லை.

இவற்றைவிடக் கனமான மறுப்பு, சாயம் வெளுக்கும் என்பது. அதை மறுக்க முடியாது. பழைய நீலத் தாள்கள் பல வெளிச்சம் பட்டுச் சாம்பலும் பழுப்புமாகிவிட்டன. தாள் மாறினால் ஓவியர் வைத்த வெள்ளைக்கும் கறுப்புக்கும் இருந்த அளவே குலைகிறது. அருங்காட்சியகங்கள் இத்தகைய ஓவியங்களை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில் சில மாதங்கள் மட்டும் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுவது இதற்காகத்தான். மலிவான மணிலா அட்டையில் சாயமும் நிற்காது, அமிலத்தால் அட்டையும் நொறுங்கும். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். ஆனால் இந்த மறுப்பு மட்டமான சாயத்துக்குத்தான் பொருந்தும், நிறத் தாளுக்கே அல்ல. காவி போன்ற மண்நிறங்கள் வெளுப்பதில்லை. அமிலமில்லாத தடித்த வெள்ளைத் தாளை வாங்கி, நீர்வண்ணக் காவியோடு அம்பர் எனும் கரும்பழுப்பு மண்நிறத்தையும் சற்றே கலந்து, அகலத் தூரிகையால் ஒரே சீராகப் பூசு. ஓரங்களைப் பலகையில் ஒட்டிவைத்துக் காயவிட்டால் தாள் நெளியாது.

அடுத்த முறை பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கட்டும் அக்கா ஒருவர் உட்காரச் சம்மதித்தால், அதே முகத்தை வெள்ளைத் தாளில் ஒன்று, நீ பூசிய தாளில் ஒன்று என வரைந்து, இரண்டையும் அவரிடமே காட்டு. எது தன்னைப்போல் இருக்கிறது என்று அவர் சொல்லட்டும்.