கோதுமை மாவும் சிறுகுடலும்: சீலியாக் நோய்

மாணவர்களே! சிறுகுடலின் உட்சுவரில் விரல் போன்ற நுண்ணிய சடைமுளைகள் உள்ளன என்பதைச் சமிபாட்டுத் தொகுதி பற்றிய பாடத்தில் கற்றிருப்பீர்கள். அகத்துறிஞ்சும் மேற்பரப்பை அதிகரிப்பதே அவற்றின் பணி என எழுதிப் புள்ளியும் பெற்றிருப்பீர்கள். அச்சடைமுளைகள் அழிந்துபோனால் என்ன நிகழும்? சீலியாக் நோயில் நிகழ்வது அதுவே.

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளுட்டன் எனும் புரதம் உண்டு. ரொட்டிக்குப் பிசைந்த மா இழுபட்டு வருவது இதனால்தான். (குரக்கன் மாவைத் தனியே பிசைந்து பாருங்கள், வெடித்து உதிரும்.) பெரும்பாலானோருக்குக் குளுட்டனால் தீங்கில்லை. ஆனால் குறித்த சில பரம்பரையலகுகளைக் கொண்டோரில் ஒரு சிலருக்கு, நிர்ப்பீடனத் தொகுதி குளுட்டனை எதிர்க்கப் புறப்பட்டுத் தன் சொந்தச் சிறுகுடல் இழையத்தையே தாக்குகிறது. சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. எவ்வளவு உண்டாலும் இரும்பு, கல்சியம், போலிக் அமிலம் போன்றவை போதியளவு குருதியைச் சென்றடைவதில்லை. இது தொற்றுநோய் அன்று. கோதுமை ஒவ்வாமையும் இதுவும் ஒன்றல்ல. விடை எழுதும்போது பலர் இவ்விடத்தில் குழம்புகின்றனர்.

இதற்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் நெதர்லாந்தின் சிறுபிள்ளை வைத்தியர் வில்லெம் டிக்கெ. முன்பே அவருக்குக் கோதுமை மீது ஐயம் இருந்தது. 1944-45 பனிக்காலத்தில், உலகப் போரின் இறுதியில், அந்நாட்டில் பஞ்சம் ஏற்பட்டுப் பாண் கிடைக்காமற்போயிற்று. ஊரே பசியால் வாடியபோது இந்நோயுற்ற பிள்ளைகள் மட்டும் தேறினர். மீண்டும் பாண் வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்பியது. 1950இல் அவர் தமது ஆய்வேட்டை வெளியிட்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி இந்தியாவிலிருந்து வருகிறது. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, வட இந்தியாவில் பரிசோதிக்கப்பட்ட வளர்ந்தோரில் 1.23 சதவீதமானோரின் குருதியில் இந்நோய்க்குரிய பிறபொருளெதிரிகள் காணப்பட்டன. தென்னிந்தியாவில் அது 0.10 சதவீதம் மட்டுமே. ஆனால் நோய்க்கு ஏதுவான பரம்பரையலகுகள் இரு பகுதியினரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. வேறுபாடு உணவில்தான்: வடக்கில் கோதுமை, தெற்கில் சோறு. இனி நம் லயத்து அடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம், பதுளை, பசறை, ஹாலி-எல, ஹப்புத்தளைத் தோட்டங்களில் காலையிலும் மலையிலும் கோதுமை மா ரொட்டியையே உண்கிறோம். ஆகவே ‘இது வெள்ளைக்காரர் நோய்’ என ஒதுக்கிவிடுவது சரியன்று என்பது என் கருத்து.

நீடித்த வயிற்றோட்டம், வயிறு ஊதுதல், எடை குறைதல், வயதுக்கேற்ற உயரமின்மை ஆகியன அறிகுறிகள். சிலருக்கு வயிற்றில் ஒரு தொல்லையும் இராது. இரும்பு மாத்திரை குடித்தும் மாறாத குருதிச்சோகை மட்டுமே இருக்கும். அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என ஏசுவது எளிது.

அதற்காக, சோகையுள்ள எல்லோருக்கும் சீலியாக் என எண்ணிவிடாதீர்கள். தோட்டங்களில் சோகைக்கு இரும்புச்சத்துக் குறைந்த உணவும் கொக்கிப் புழுவுமே பொதுவான காரணங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத் தேநீரும் இரும்பின் அகத்துறிஞ்சலைக் குறைக்கும். எனவே ஐயமிருந்தால் தோட்ட வைத்திய உதவியாளரிடம் காட்டி, அவர் அனுப்பும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். முதலில் குருதியில் குறித்த பிறபொருளெதிரிகள் உள்ளனவா எனப் பார்ப்பர். தேவையெனில் அகநோக்குக் கருவி மூலம் முன்சிறுகுடலிலிருந்து சிறு இழையத்துண்டு எடுத்துச் சோதிப்பர். ஒன்றை மறவாதீர்கள்: பரிசோதனை முடியும்வரை ரொட்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென முடிவு வரலாம்.

நோய் உறுதியானால் சிகிச்சை ஒன்றே: ஆயுள் முழுவதும் குளுட்டன் அற்ற உணவு. சோறு, குரக்கன், சோளம், மரவள்ளி, உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மீன், கீரை எல்லாம் உண்ணலாம். பாண், பணிஸ், பிஸ்கட், ரவை, கொத்து, கோதுமை நூடில்ஸ் ஆகாது. மறைந்திருப்பவை இன்னும் தொல்லை: பார்லி மோல்ட் சேர்ந்த பானங்கள், சோயா சோஸ், மா கலந்த பெருங்காயம். கடை இடியப்பத்திலும் குரக்கன் ரொட்டியிலும் கோதுமை மா கலந்திருக்கக்கூடும். கேட்டு வாங்க வேண்டும். ரொட்டி சுட்ட தட்டையும் கழுவாமல் பயன்படுத்தக்கூடாது. நாட்சம்பள வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் வேறு சமையல் இலகுவன்று. அதனால் கறிகளை எல்லோருக்கும் பொதுவாக வைத்து, ரொட்டிக்குப் பதிலாக அப்பிள்ளைக்குச் சோறோ அவித்த மரவள்ளியோ கொடுப்பதே நடைமுறைக்கு ஏற்றது. உணவைச் சரியாகக் கடைப்பிடித்தால் சடைமுளைகள் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மீள வளரும்.

பயிற்சி வினா

தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி ஆறு மாதங்களாக இரும்பு மாத்திரை எடுத்தும் குருதிச்சோகை மாறவில்லை. அவளது தமையனுக்குச் சீலியாக் நோய் உள்ளது.
(அ) மாத்திரை பயனளிக்காமைக்கான காரணத்தைச் சடைமுளைகளுடன் தொடர்புபடுத்தி விளக்குக.
(ஆ) தமையனின் நோயை வைத்தியரிடம் கூறுவது ஏன் அவசியம்?
(இ) அவளது தாய் இன்றே ரொட்டியை நிறுத்த விரும்புகிறார். நீர் கூறும் ஆலோசனை யாது?