ஆவுளியா கடலைப் பறிக்கவில்லை

"ஆவுளியாவுக்குக் கடலை எழுதிக் கொடுத்தாச்சு, இனி நமக்குத் தொழில் இல்லை." பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்ததும் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளில் எழுந்த அச்சம் இது. காரணமில்லாத அச்சமும் அல்ல. தெற்கே மன்னார் வளைகுடாவில், 1986-இல் தேசியப் பூங்காவான 21 தீவுகளில் மீனவர் இறங்கவே அனுமதி இல்லை. ஆனால் தேசியப் பூங்காவுக்கான சட்டப்பிரிவு வேறு, இந்தக் காப்பகத்துக்கான பிரிவு வேறு. இந்த வகைக் காப்பகத்தை உள்ளூர் மக்களைக் கலந்துபேசித்தான் அறிவிக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளுக்கு இடம் உண்டு. வலை போடுவதற்குப் புதிய தடை எதையும் இந்த அறிவிப்பு கொண்டுவரவில்லை.

"இப்போதெல்லாம் யார் வேட்டையாடுகிறார்கள், காப்பகம் எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். வேட்டை குறைந்தாலும் சாவு நிற்கவில்லை. கடற்பசு நுரையீரலால் மூச்சு விடும் பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை நீருக்கு மேலே நீட்டியாக வேண்டும். செவுள்வலையில் வால் சிக்கிவிட்டால் மேலே வர முடியாது. வலை இழுக்கும் வரை அது தாங்காது, மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் ஒன்று செத்தாலும் பெரிய இழப்பு. சிக்கியதை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பணப்பரிசு தருகிறது. நல்ல காரியம். ஆனால் அதற்காக அறுத்த வலையின் முழு விலையையும் அரசே தர வேண்டும் என்பேன்.

"கடற்பசு மேயும் புல்லுக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்?" இந்தக் கேள்விதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது. கடற்பசு மேயும் அதே கடற்புல்லுக்குள்தான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் ஒளிந்து வளர்கின்றன. நாட்டுப்படகுக்காரரின் வருமானமே அந்தப் புல்லில்தான் இருக்கிறது. அதை வேரோடு பிடுங்குவது கடற்பசு அல்ல, தரையை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி.

கரையோரக் கடலில் விசைப்படகு இழுவைமடி இழுக்கக் கூடாது என்பது காப்பகம் கொண்டுவந்த விதி இல்லை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்திலேயே அதற்கு வழி செய்திருக்கிறார்கள். காப்பகம் வனத்துறையிடம், மீன்பிடிச் சட்டம் மீன்வளத் துறையிடம் இருக்கின்றன. இரு துறைகளும் ஒரே படகில் ரோந்து போக வேண்டும். நாட்டுப்படகுச் சங்கங்கள் புகார் கொடுத்தால் அன்றைக்கே நடவடிக்கை வேண்டும்.