ஒரு பாடலும் ஒரு விதியும்

திரைப்பாடல்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாருண்டு. ஆயினும் சில பாடல்கள், நாம் வளர வளரப் பொருள் விரிவன. 1958இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘தூங்காதே தம்பி தூங்காதே’ அத்தகையது.

இயற்றியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். பள்ளிப்படிப்பு அதிகமில்லாதவர், வயல்வேலை அறிந்தவர், 1959இல் 29 வயதிலேயே மறைந்தவர்.

தாலாட்டு உறங்கச் சொல்லும். இதுவோ விழிக்கச் சொல்கிறது. புறவிசை தாக்காதவரை ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும் என்பது நியூட்டன் விதி. சமுதாயமும் அப்படியே. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். அரிசி ஆலையில் மூட்டை சுமந்து என்னைப் படிக்க அனுப்பிய அண்ணனே எனக்குப் புறவிசை. இன்று அப்பாடலில் அவர் குரலே கேட்கிறது.

நண்பர்களே, எழுப்பப்பட்ட தம்பி மீண்டும் உறங்கலாகாது. அடுத்த தம்பியை எழுப்ப வேண்டும். பட்டத்தின் பயன் அதுவே.