ஸ்பானிய மண்ணில் கல்வி

ஸ்பெயின் நாட்டுச் சாலமன்கா பல்கலைக்கழகம் 1218ஆம் ஆண்டில் தோன்றியது. ஸ்பானிய மொழி பயில இன்றும் பல நாட்டு மாணவர்கள் அங்குச் செல்கின்றனர். அவர்கள் பெறும் பயன் யாது?

முதற்பயன் மொழித்தேர்ச்சி. 'நான் மாணவன்' என்று இயல்பைக் கூற அம்மொழியில் 'சோய்' என்னும் வினை வரும்; 'நான் களைப்பாக இருக்கிறேன்' என்று நிலையைக் கூற 'எஸ்டோய்' வரும். ஏட்டில் குழப்பும் இவ்வேறுபாடு, கடைத்தெருவிலும் தங்கும் வீட்டிலும் நாளும் பேசப்பேச நாவில் படிந்துவிடும்.

அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. தன் வகுப்பில் முதல்வனாக விளங்கியவனும் அங்கு ரொட்டி கேட்கத் தடுமாறுவான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய நான், ஆங்கிலத்தில் நடந்த முதல் இயற்பியல் வகுப்பில் அவ்வாறே வாயடைத்து அமர்ந்திருந்தேன். தடுமாற்றம் அறிவின்மையன்று, கற்றலின் தொடக்கம். இதனை உணர்ந்து திரும்பும் மாணவன் பிறர் தடுமாறும்போது நகைக்கமாட்டான்.